யாக்சிக்

யாக்சிக் என்பது ஒட்டும் தன்மையுள்ள அரிசியை ஆவியில் வேகவைத்து, அதில் தேன் அல்லது பழுப்புச் சர்க்கரை, எள் எண்ணெய், சோயா சாஸ் ஆகியவற்றைக் கலந்து, செஸ்ட்நட், உலர்ந்த இலந்தைப் பழம், பைன் கொட்டை சேர்த்து மீண்டும் ஆவியில் வைத்துச் செய்யப்படும் கொரிய நாட்டு இனிப்புச் சோறு ஆகும். இதனை யாக்பாப் என்றும் அழைப்பர். சந்திர நாட்காட்டியின் முதல் மாதத்து முழுநிலவு நாளான ஜோங்வோல் தேபோரும் அன்று உண்ணப்படும் மரபான உணவு இது. திருமண விருந்திலும் அறுபதாம் ஆண்டு நிறைவு விழாவிலும் இதற்கு இடம் உண்டு. செம்பழுப்பு நிறமும் எண்ணெய் மினுமினுப்பும் கொண்டது. பெரும்பாலும் சதுரத் துண்டுகளாக வெட்டியோ, சிறு கிண்ணங்களில் அழுத்திக் கவிழ்த்தோ பரிமாறுவர்.

கொரியர்கள் இதைச் சோறு என்றும் சொல்கிறார்கள், 'தொக்' எனப்படும் அரிசிப் பலகார வகையிலும் சேர்க்கிறார்கள். தொக் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அரிசியை மாவாக்க வேண்டும், அல்லது வெந்த சோற்றை இடித்துப் பிசைய வேண்டும். யாக்சிக்கில் அரிசி மணி மணியாகவே இருக்கும். ஆயினும் கடைகளில் இது தொக் தட்டுகளோடுதான் விற்கப்படுகிறது.

பெயரும் பொருளும்

கொரிய மொழியில் 'யாக்' என்றால் மருந்து. 'சிக்' என்பது உணவு, 'பாப்' என்பது சோறு. எனவே யாக்சிக் என்பதை 'மருந்துணவு' என்றும், யாக்பாப் என்பதை 'மருந்துச் சோறு' என்றும் பொருள் கொள்ளலாம். பழைய நூல்களில் சீன எழுத்தில் 'யாக்பான்' என்று காணப்படுவதும் இதே பொருள் உடையதே.

இதைப் படிக்கும் எவருக்கும் எழும் முதல் கேள்வி, இதில் மருந்து எங்கே இருக்கிறது என்பதுதான். இதற்கு விடை சொன்னவர் ஜோசோன் காலத்துப் பேரறிஞர் ஜோங் யாக்-யோங். 'தாசான்' என்னும் புனைபெயரால் அறியப்படும் இவர், 1819-ஆம் ஆண்டில் எழுதிய 'ஆவோன் காக்பி' என்னும் நூலில், மக்கள் வழக்கில் தவறாகவோ பொருள் மாறியோ வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். தம் நாட்டார் தேனை 'மருந்து' என்று சொல்வதால், தேன் சேர்த்த மது 'யாக்ஜு' என்றும், தேன் சேர்த்த சோறு 'யாக்பான்' என்றும், தேன் சேர்த்த பலகாரம் 'யாக்குவா' என்றும் ஆயின என்பது அவர் தரும் விளக்கம். ஆக, பெயரில் உள்ள மருந்து தேனைத்தான் குறிக்கிறது.

வேறொரு செவிவழிக் கதையும் உண்டு. சோ சோங் (1558–1631) என்னும் அமைச்சரின் தாய் கண்பார்வை அற்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மகனை ஆளாக்க அவர் தலைநகருக்கு வந்து, யாக்ஹியோன் என்ற பகுதியில் குடியிருந்து, மதுவும் இனிப்புச் சோறும் பலகாரமும் செய்து வந்தார் என்றும், ஊர்ப் பெயரிலுள்ள 'யாக்' என்பதே அவ்வுணவுகளுக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வர். யாக்ஹியோன் என்பது இன்றைய சியோலின் ஜுங்னிம்-தோங் பகுதி. கதை மனத்தைத் தொடுவது உண்மை. ஆனால் மூன்று உணவுகளுக்கும் பொதுவாக உள்ள தேனைக் காரணமாகக் காட்டும் தாசானின் விளக்கமே எளிமையானது, ஏற்கத்தக்கது.

மருந்து என்ற பெயரை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டு விடக் கூடாது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த பலகாரம் இது. நீரிழிவு உள்ளவர்கள் பெயரை நம்பி இரண்டாவது துண்டை எடுக்க வேண்டாம்.

காக்கைக்குப் படைத்த சோறு

யாக்சிக்கின் தோற்றத்தைப் பற்றிய கதை 'சாம்குக் யூசா' என்னும் நூலில் இடம்பெறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த நூல் இது. கொரியாவின் மூன்று பழைய அரசுகளைப் பற்றிய வரலாறுகளும் புராணச் செய்திகளும் இதில் உள்ளன. அயுத்தா நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கொரிய அரசியான பெண்ணின் கதை தமிழ் வாசகர் பலருக்குத் தெரிந்திருக்கும். அதுவும் இந்த நூலில் உள்ளதுதான். (அயுத்தா என்பது எந்த நாடு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தமிழகத்தோடு அதை உறுதியாக இணைத்துப் பகிரப்படும் செய்திகளைச் சற்று நிதானமாகப் படிப்பது நல்லது.)

சில்லா அரசின் 21-ஆம் மன்னர் சோஜி. கி.பி. 479 முதல் 500 வரை ஆண்டவர். அவருடைய ஆட்சியின் பத்தாம் ஆண்டில், அதாவது 488-இல், மன்னர் ஒரு மாளிகைக்குச் சென்றிருந்தபோது ஒரு காக்கையும் ஓர் எலியும் அவர் முன்னே வந்து ஓலமிட்டன. எலி மனிதக் குரலில் பேசி, காக்கை போகும் இடத்துக்குப் பின்தொடர்ந்து செல்லுமாறு கூறியது. மன்னர் ஒரு குதிரை வீரனை அனுப்பினார். அவன் சென்ற வழியில் இரண்டு பன்றிகள் சண்டையிட்டுக் கொண்டிருந்தன. வேடிக்கை பார்த்து நின்றவன் காக்கையைத் தவறவிட்டான். திகைத்து அலைந்தபோது, ஒரு குளத்திலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து வந்து மடல் ஒன்றைக் கொடுத்தார். அதன் மேலுறையில், பிரித்தால் இருவர் இறப்பர், பிரிக்காவிட்டால் ஒருவர் இறப்பார் என்னும் கருத்து எழுதியிருந்தது.

இருவர் சாவதைவிட ஒருவர் சாவது மேல் என்று எண்ணிய மன்னர், மடலைப் பிரிக்க வேண்டாம் என்றார். கோள் நிலை பார்க்கும் அரசவை அலுவலர் குறுக்கிட்டார். இருவர் என்பது சாதாரண மக்கள், ஒருவர் என்பது மன்னரே என்றார். மடல் பிரிக்கப்பட்டது. கோமுங்கோ என்னும் யாழ் போன்ற நரம்பிசைக் கருவியின் பெட்டியை அம்பால் எய்யும்படி அதில் எழுதியிருந்தது. மன்னர் அரண்மனைக்குத் திரும்பி அப்பெட்டியின் மீது அம்பு எய்தார். உள்ளே அரண்மனையில் வழிபாடு நடத்தும் துறவி ஒருவரும் அரண்மனைப் பெண் ஒருத்தியும் மறைந்திருந்தனர். கள்ள உறவு கொண்டிருந்த அவ்விருவருக்கும் மரண தண்டனை வழங்கப்பட்டது. பிற்காலத்தில் கதை சொல்வோர் அப்பெண்ணை அரசி என்றும், அவர்கள் மன்னரைக் கொல்லத் திட்டமிட்டிருந்தனர் என்றும் விரித்துரைப்பர்.

அன்று முதல் ஆண்டின் முதல் மாதத்தில் வரும் முதல் பன்றி நாள், எலி நாள், குதிரை நாள் ஆகியவற்றில் மக்கள் எதையும் செய்யத் தயங்கி அடக்கமாக இருந்தனர். காக்கைக்கென்று அம்மாதத்தின் 15-ஆம் நாள் ஒதுக்கப்பட்டு, ஒட்டரிசிச் சோறு படைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பன்னிரண்டு விலங்குகளால் நாட்களைக் குறிக்கும் கிழக்காசிய முறையில் எலிக்கும் பன்றிக்கும் குதிரைக்கும் நாள் உண்டு, காக்கைக்கு இல்லை. அதனாலேயே காக்கைக்குத் தனியாக ஒரு நாளைக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று இதற்குக் காரணம் காணலாம்.

முதியவர் வெளிப்பட்ட குளம் 'சோச்சுல்ஜி', அதாவது 'மடல் வெளிவந்த குளம்' என்று பெயர் பெற்றது. சில்லாவின் தலைநகராக இருந்த கியோங்ஜு நகரில், நாம்சான் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இப்பெயருடைய குளம் இன்றும் உள்ளது. கோடையில் தாமரை பூக்கும். கரையில் 1664-இல் கட்டப்பட்ட இயோதாங் என்னும் மண்டபம் நீரின் மேல் நீண்டு நிற்கிறது.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும் அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தைக் கவனிக்க வேண்டும். சில்லா அரசு பௌத்தத்தை முறைப்படி ஏற்றது 527-இல், போப்ஹுங் மன்னர் காலத்தில். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அரண்மனைக்குள் ஒரு துறவி இருக்கிறார், அவர் குற்றவாளியாகக் காட்டப்படுகிறார், அவரைக் காட்டிக்கொடுப்பவை பறவையும் விலங்கும் நீரில் வாழும் முதியவருமாகிய நாட்டார் நம்பிக்கை உருவங்கள். புதிய சமயத்துக்கும் பழைய நம்பிக்கைகளுக்கும் இடையே நிகழ்ந்த மோதலின் நினைவு இது என்று வரலாற்றாய்வாளர்கள் பொருள் கொள்வது இதனால்தான். இதைத் தொகுத்த இர்யோன் தாமே பௌத்தத் துறவியாக இருந்தும் கதையை விட்டுவிடாமல் எழுதி வைத்தார் என்பது பாராட்டுக்குரியது.

இன்னொரு குறிப்பு. இன்றைய கொரியாவில் காக்கை கெட்ட சகுனமாகக் கருதப்படுகிறது. நல்ல செய்தி கொண்டு வரும் பறவை என்ற பெருமை மேக்பை என்னும் பறவைக்கே உரியது. பழங்காலத்தில் நிலைமை வேறு. கோகுர்யோ அரசின் கல்லறை ஓவியங்களில் சூரியனுக்குள்ளே மூன்று கால்களையுடைய காக்கை வரையப்பட்டுள்ளது. மன்னரைக் காத்த காக்கையும் அந்தப் பழைய மதிப்பைச் சேர்ந்ததே.

ஒட்டரிசிச் சோறு தேன்சோறு ஆனது

சாம்குக் யூசா சொல்வது ஒட்டரிசிச் சோறு என்பதை மட்டுமே. தேன் இல்லை, எண்ணெய் இல்லை, கொட்டைகள் இல்லை. பல இணையப் பக்கங்களில் "சோஜி மன்னர் காலத்தில் யாக்சிக் படைக்கப்பட்டது" என்று எழுதியிருப்பது சரியன்று. யாக்சிக்கின் கருநிறம் காக்கையின் நிறத்தைக் குறிக்கிறது என்ற விளக்கமும் இதனால் ஐயத்துக்குரியது. வெறும் சோறு கருப்பாக இராது. நிறம் பிறகு வந்தது. விளக்கம் அதற்கும் பிறகு வந்திருக்க வேண்டும்.

மாற்றம் கோர்யோ காலத்தில் நிகழ்ந்துவிட்டது. கோர்யோவின் இறுதிக் காலப் புலவர் யி சேக் (1328–1396) எழுதிய கவிதையொன்றில், ஒட்டரிசிச் சோற்றில் எண்ணெயும் தேனும் கலந்து, பைன் கொட்டை, செஸ்ட்நட், இலந்தை சேர்ப்பது கூறப்படுகிறது. ஏறக்குறைய இன்றைய யாக்சிக் அது. எண்ணெயும் தேனும் கோர்யோ காலச் சமையலில் மிகவும் விரும்பப்பட்டவை. பௌத்தம் செழித்து, இறைச்சி உண்பது குறைந்திருந்த அக்காலத்தில், தேநீரோடு உண்ணும் தேன் பலகாரங்கள் விருந்துகளில் முதலிடம் பெற்றன. அவற்றுக்காகத் தானியமும் தேனும் எண்ணெயும் பெருமளவு செலவாவதைக் கண்டு அரசே தடை விதித்த நிகழ்வுகளும் உண்டு.

1611-இல் ஹோ கியுன் என்னும் எழுத்தாளர் நாடு கடத்தப்பட்டு ஒதுக்குப்புறமான ஊரில் வாழ்ந்தபோது 'தோமுன்தேஜாக்' என்ற சிறு நூலை எழுதினார். நல்ல உணவு கிடைக்காத நிலையில், முன்பு தாம் உண்டவற்றையெல்லாம் நினைவிலிருந்து ஊர் வாரியாகப் பட்டியலிட்டார். நூலின் பெயருக்கே 'இறைச்சிக் கடை வாசலில் நின்று வாயை மெல்லுதல்' என்று பொருள். கிடைக்காததை நினைத்து வெறும் வாயை மெல்வதைக் குறிக்கும் பழஞ்சொல் அது. அந்நூலில் கியோங்ஜு நகரத்தார் காக்கைக்கு இச்சோற்றை இடும் வழக்கத்தையும், சீனர்கள் இதனை விரும்பித் தாமும் செய்து 'கோர்யோச் சோறு' என்று அழைத்ததையும் குறிப்பிடுகிறார்.

1809-இல் பிங்ஹோகாக் யி என்ற அம்மையார் பெண்களுக்காகக் கொரிய எழுத்தில் எழுதிய 'கியூஹாப் சோங்சோ' என்னும் வீட்டுக் கலைக்களஞ்சியத்தில் யாக்சிக் செய்முறை உள்ளது. அதில் எள் எண்ணெயும் சோயா சாஸும் இடம்பெற்றுள்ளன. நாட்டு வழக்கங்களை மாத வாரியாகக் கூறும் 'தோங்குக் செசிகி' (1849) இதை முதல் மாதத்து முழுநிலவு நாள் உணவாகக் குறிக்கிறது.

முதல் முழுநிலவு நாள்

தேபோரும் என்பதற்குப் பெரிய முழுநிலவு நாள் என்று பொருள். சந்திரப் புத்தாண்டு பிறந்து பதினைந்தாம் நாள். பிப்ரவரி மாதத்திலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். 2025-இல் பிப்ரவரி 12, 2026-இல் மார்ச் 3. புத்தாண்டு குடும்பத்துக்குள் கொண்டாடப்படுவது. தேபோரும் ஊரார் ஒன்றுகூடிக் கொண்டாடுவது. உழவுக்கு முந்திய கடைசி ஓய்வு நாட்களில் வருவதால் அன்றைய வழக்கங்கள் பலவும் விளைச்சலையும் உடல் நலத்தையும் வேண்டுவனவாக உள்ளன.

விடியற்காலையில் எழுந்ததும் கொட்டைகளைப் பல்லால் கடித்து உடைப்பர். இதற்குப் 'பூரோம்' என்று பெயர். கொரிய மொழியில் கொப்புளத்தைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. கொட்டையை உடைத்தால் ஆண்டு முழுவதும் கொப்புளம் வராது என்பது நம்பிக்கை. பற்கள் உறுதியாகும் என்றும் சொல்வர். பிறகு குளிர்ந்த மது ஒரு மிடறு, காது கூர்மையாகி நல்ல செய்தி கேட்பதற்காக. கதிரவன் எழுமுன் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் 'என்ன' என்று கேட்டுவிட்டால், 'என் வெக்கையை வாங்கிக்கொள்' என்று சொல்லி வரும் கோடையின் வெப்பத்தை அவர் தலையில் கட்டிவிடுவர். அன்று யார் அழைத்தாலும் பதில் சொல்லாமல் இருக்கப் பிள்ளைகள் படும் பாடு சொல்லி மாளாது. இரவில் வைக்கோலும் பைன் கிளைகளும் அடுக்கி 'நிலா வீடு' கட்டி, நிலவு எழும்போது கொளுத்துவர். வயல் வரப்புகளிலும் தீ மூட்டுவர்.

அன்று நாய்க்குச் சோறு வைப்பதில்லை. வைத்தால் கோடையில் நாயை ஈ மொய்க்கும் என்று நம்பினர். ஊரே விருந்து உண்ணும்போது தான் மட்டும் பட்டினி கிடப்பவனை 'முழுநிலவு நாள் கொண்டாடிய நாய்' போல என்று கொரியர் இன்றும் சொல்வதுண்டு.

தேன் இல்லாத வீடுகள்

யாக்சிக் எல்லார் வீட்டுச் சோறும் அன்று. இதை விளக்காமல் யாக்சிக்கைப் பற்றி எழுதினால் கட்டுரை பாதியாகவே நிற்கும். தேன் விலை உயர்ந்தது. பைன் கொட்டை உயரமான கொரியப் பைன் மரத்தின் உச்சியிலுள்ள காய்களிலிருந்து எடுக்கப்படுவது. மரமேறுவோர் உயிரைப் பணயம் வைத்துப் பறிப்பது. எள் எண்ணெயும் அன்றாடச் சமையலில் துளித் துளியாகவே பயன்பட்டது. ஒட்டரிசியோ சாதாரண அரிசியைவிடக் குறைவாக விளைவது. இவையெல்லாம் ஒரு பானையில் சேர வேண்டுமானால் அந்த வீடு அரண்மனையாகவோ செல்வர் வீடாகவோ இருக்க வேண்டும்.

உழவர்கள் அதே நாளில் உண்டது 'ஓகோக்பாப்', அதாவது ஐந்து தானியச் சோறு. ஒட்டரிசியோடு சோளம், தினை, சிவப்புக் காராமணி போன்ற பயறு, கருஞ்சோயா எனக் கையிலிருந்த தானியங்களைக் கலந்து வேகவைத்து, முந்திய ஆண்டில் உலர்த்தி வைத்த கீரை, காய்களைத் தொட்டுக்கொள்வர். யாக்சிக்குக்கு வேண்டிய பொருட்களை வாங்க இயலாதோர் அதற்கு ஈடாக உண்ட உணவு ஓகோக்பாப் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஐந்து தானியமும் செழிக்க வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் அடங்கியிருப்பதால், வெறும் மாற்று உணவு என்று அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வேறு வேறு குடும்பப் பெயருடைய மூன்று வீடுகளுக்குக் குறையாமல் அச்சோற்றைப் பெற்று உண்டால் ஆண்டு முழுவதும் நலம் என்ற நம்பிக்கையும் இருந்தது. பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று சோறு கேட்பர். கேட்பது இழிவாகாத ஒரு நாளாக அது இருந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளையும் இருக்கிற வீட்டுப் பிள்ளையும் ஒன்றாகவே கேட்டனர்.

அரிசித் தட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டிலும் நீங்கவில்லை. 1960-களிலும் 1970-களிலும் தென்கொரிய அரசு அரிசியோடு பிற தானியங்களைக் கலந்து உண்ணும்படியும், கோதுமை மாவு உணவுகளை உண்ணும்படியும் பெரும் இயக்கம் நடத்தியது. உணவகங்களில் அரிசி உணவு விற்கக் கூடாத நாட்கள் குறிக்கப்பட்டன. பள்ளிகளில் ஆசிரியர்கள் மாணவரின் மதிய உணவுப் பெட்டியைத் திறந்து, பார்லி கலந்திருக்கிறதா என்று சோதித்தனர். வகுப்பறையில் நின்றவர்களுக்கு அந்தச் சோதனை எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு உருவான 'தொங்கில்' நெல் வகை 1970-களில் பரவிய பிறகே அரிசித் தன்னிறைவு கைகூடியது. முழு ஒட்டரிசியில் செய்த இனிப்பு நினைத்தபோது உண்ணும் பண்டமானது அதன் பின்னர்தான்.

சேரும் பொருட்கள்

ஒட்டரிசி என்பது தனி வகை. மாவுச்சத்தில் அமைலோசு, அமைலோபெக்டின் என இரு கூறுகள் உண்டு. சாதாரண அரிசியில் இரண்டும் இருக்கும். ஒட்டரிசியில் ஏறத்தாழ முழுவதும் அமைலோபெக்டினே. அதனால் வெந்ததும் மணிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் இதைப் புளுட் அரிசி என்பர். பர்மா வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்த கவுனி அரிசியைச் சமைத்தவர்களுக்கும் இந்த ஒட்டும் தன்மை பழக்கமானதே. வேகாத நிலையில் ஒட்டரிசி மணி பால் போல வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் இதில் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் சோயா சாஸ் பலவற்றில் கோதுமை சேர்வதால், குளூட்டன் ஒவ்வாதவர்கள் புட்டியின் மேலுள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும்.

கொரிய இலந்தை நம் ஊர் இலந்தையின் நெருங்கிய உறவு. குளிர் நாட்டில் வளரும் இனம். பழுத்துச் சிவந்ததை உலர்த்தி வைப்பர். சதையை நறுக்கிச் சோற்றில் சேர்ப்பர். விதையையும் ஒட்டிய சதையையும் கொதிக்க வைத்து வடித்துச் சுண்டக் காய்ச்சினால் கெட்டியான சாறு கிடைக்கும். நல்ல யாக்சிக்கின் மணமும் நிறமும் பாதி இதிலிருந்து வருவது.

எள் எண்ணெய் என்றதும் நம் நல்லெண்ணெயை ஊற்றிவிடக் கூடாது. கொரியர்கள் எள்ளை நன்கு வறுத்துப் பிழிகிறார்கள். நிறம் கருமையாகவும் மணம் தூக்கலாகவும் இருக்கும். நல்லெண்ணெயில் அந்த மணம் இராது.

இனிப்பில் சோயா சாஸ் ஏன் என்று கேட்பவர் பலர். உப்புச் சுவை இனிப்பை எடுத்துக்காட்டுகிறது என்பது ஒரு காரணம். நிறத்துக்கும் அது வேண்டும். சோயா சாஸிலுள்ள அமினோ அமிலங்களும் தேனிலுள்ள சர்க்கரையும் நீண்ட நேரம் சூட்டில் சேர்ந்திருக்கும்போது பழுப்பு நிறமும் புதிய மணமும் உண்டாகின்றன. ரொட்டியின் மேற்புறம் பழுப்பாவதும் இதே வேதிவினையால்தான். மெயிலார்டு வினை என்று பெயர். சீனாவில் புத்தாண்டுக்குச் செய்யப்படும் 'எட்டு மணிச் சோறு' என்ற இனிப்பும் ஒட்டரிசியில் கொட்டை, பழம் சேர்த்துச் செய்யப்படுவதே. ஆனால் அதில் சோறு வெண்மையாக இருக்கும், சோயா சாஸ் இராது. இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

செய்முறை

ஐந்து கோப்பை ஒட்டரிசியைக் கழுவி, குறைந்தது ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடிக்க வேண்டும். பழைய முறையில் 'சிரு' என்னும், அடியில் துளைகளுள்ள மண்பானையில் துணி விரித்து அரிசியைப் பரப்பி ஆவியில் வைப்பர். இட்லிப் பானையில் துணி விரித்தும் செய்யலாம். நாற்பது நிமிடம் போல வேக வேண்டும். இடையில் ஒருமுறை உப்பு நீர் தெளித்துக் கிளறிவிட்டால் மேலே உள்ள மணிகளும் வேகும். நீரில் கொதிக்க வைத்தால் குழைந்துவிடும். மணி மணியாக நிற்காது.

வெந்த சோற்றை அகன்ற பாத்திரத்தில் கொட்டி, ஆவி பறக்கும்போதே ஒரு கோப்பை பழுப்புச் சர்க்கரையை முதலில் சேர்க்க வேண்டும். பிறகு மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், மூன்று மேசைக்கரண்டி தேன், இலந்தைச் சாறு, அரைத் தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூள், கடைசியாக நான்கு மேசைக்கரண்டி எள் எண்ணெய். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எண்ணெய் முன்னால் போனால் மணியின் மேல் படலமாகப் படிந்துவிடும். சர்க்கரை உள்ளே இறங்காது. சோறு ஆறிவிட்டாலும் இதே கதைதான். தோலுரித்து நறுக்கிய செஸ்ட்நட் பதினைந்து, இலந்தை பதினைந்து ஆகியவற்றைக் கலந்து, சுவை இறங்க இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும்.

அதன் பின் இரண்டாம் முறை வேகவைத்தல். யாக்சிக்கை யாக்சிக் ஆக்குவது இந்தக் கட்டமே. பழங்காலத்தில் கலவையைப் பாத்திரத்தில் வைத்து, அப்பாத்திரத்தைக் கொதிநீரில் இருத்தி, ஏழெட்டு மணி நேரம் சிறு தீயில் விட்டனர். சோறு தேன் நிறத்திலிருந்து மெல்ல மெல்லச் செம்பழுப்பாக மாறும். இன்று பொறுமை குறைவு. சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் அதே நிறத்தை வரவழைத்துவிடுகிறார்கள். நிறம் வந்துவிடும். சுவையில் வேறுபாடு தெரியும் என்பர். இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி பைன் கொட்டை தூவி, எண்ணெய் தடவிய தட்டில் அழுத்தி, ஆறியதும் வெட்ட வேண்டும்.

இனிப்பு மிகுந்திருப்பதாலும் அமைலோபெக்டின் மெல்லவே இறுகும் இயல்புடையதாலும் யாக்சிக் இரண்டு மூன்று நாள் மென்மையாக இருக்கும். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மட்டும் விரைவில் கல்லாகும். அந்தக் குளிர் மாவுச்சத்து இறுகுவதற்கு மிக ஏற்றது. நீண்ட நாள் வைக்க வேண்டுமானால் துண்டு துண்டாகச் சுற்றி உறைநிலையில் வைத்து, வேண்டும்போது மீண்டும் ஆவியில் சூடாக்குவதே சரியான வழி.

மணவிழாவும் அறுபதாம் ஆண்டும்

யாக்சிக்கில் சேரும் இலந்தையும் செஸ்ட்நட்டும் கொரியச் சடங்குகளில் தனிப் பொருளுடையவை. இலந்தை மரம் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் மக்கட்பேற்றின் அடையாளம். மணவிழாவில் மணமகனின் பெற்றோர் இலந்தையையும் செஸ்ட்நட்டையும் வீச, மணமக்கள் விரித்த துணியில் அவற்றை ஏந்துவர். செஸ்ட்நட் முளைத்துச் செடியான பின்னும் விதைத்த கொட்டை வேரடியில் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பது நம்பிக்கை. தலைமுறைகள் சென்றாலும் மூதாதையரோடு உறவு அறுவதில்லை என்பதற்கு அதை அடையாளமாகக் கொண்டு, நீத்தார் வழிபாட்டிலும் வைப்பர்.

'ஹ்வாங்காப்' என்னும் அறுபதாம் ஆண்டு நிறைவில், அறுபதாண்டுச் சுழற்சி முடிந்து பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருகிறது. ஆயுள் குறைவாக இருந்த காலத்தில் பெரும் விழாவாக நடந்தது. உயரமாக அடுக்கிய பலகாரத் தட்டுகளில் யாக்சிக்கும் இருந்தது. இப்போது அறுபது வயது முதுமையாகக் கருதப்படாததால் பலரும் எழுபதாம் ஆண்டையே சிறப்பாகக் கொண்டாடுகின்றனர். யாக்சிக் அந்த விருந்துக்கு இடம் மாறியுள்ளது.

தற்காலத்தில்

தேபோரும் தென்கொரியாவில் அரசு விடுமுறை நாள் அன்று. நகரங்களில் அது பெரும்பாலும் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் கொட்டையோடும் ஓகோக்பாப் கலவைத் தானியத்தோடும் முடிந்துவிடுகிறது. யாக்சிக்கைத் தொக் கடைகள் ஆண்டு முழுவதும் செய்து, ஒவ்வொரு துண்டாகத் தாளில் சுற்றி விற்கின்றன. காலை உணவுக்கு நேரமில்லாதோர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். வீடுகளில் அழுத்த முறையில் இயங்கும் மின் அரிசிக் குக்கரில் எல்லாப் பொருளையும் ஒன்றாகப் போட்டுச் செய்யும் முறை பரவியுள்ளது. பரங்கிக் காயைக் குடைந்து அதனுள்ளே வேகவைப்போரும், செஸ்ட்நட்டுக்குப் பதிலாக உலர் திராட்சையும் வால்நட்டும் போடுவோரும் உண்டு. தேனைவிடச் சர்க்கரையே இன்று மிகுதி. தாசான் சொன்ன காரணப்படி பார்த்தால், தேன் இல்லாத யாக்சிக்கில் 'யாக்' இல்லை.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் தொக் செய்து பகிரும் மரபும், 2023 டிசம்பரில் புத்தாண்டோடு சேர்த்துத் தேபோரும் நாளும் தென்கொரியாவின் தேசியத் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. குறிப்பிட்ட ஒரு கைவினைஞரையோ குழுவையோ அவற்றின் உரிமையாளராக அரசு குறிக்கவில்லை. நாட்டு மக்கள் அனைவரும் செய்து வருபவை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.